ஃப்ரிட்ஜிடம் சொன்ன சேதி

கூச்சத்தில் பல வகை உண்டு. சிலருக்கு மேடை ஏறக் கூச்சம். சிலருக்குப் படம் எடுத்துக்கொள்ளக் கூச்சம். எனக்கு என் மருமகனிடம் கூச்சம். (சிரிக்காதீர்கள். எங்கள் ஊர்ப் பெண்களைக் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள்.)

திருச்செந்தூர் பக்கத்துக் கடற்கரை ஊர் எங்களுடையது. கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். ஆனால் மாமியார் அவர் முன்னால் வரமாட்டாள், பேசவும் மாட்டாள். என் உம்மா அப்படித்தான் இருந்தாள், நானும் அப்படியே பழகிவிட்டேன். என் மகள் ஜெய்னம்புவுக்குக் கல்யாணம் ஆகி முதல் எட்டு வருஷத்தில் நான் மாப்பிள்ளையின் முகத்தை முழுசாகப் பார்த்தது கல்யாண ஆல்பத்தில்தான்.

அவர் அபுதாபியிலிருந்து லீவில் வந்தால், கதவுக்கு அந்தப் பக்கம் நின்று, "மாமி, கடைக்குப் போறேன், ஏதாச்சும் வேணுமா?" என்பார். நான் இந்தப் பக்கம் நின்று இருமுவேன். ஒரு இருமல் என்றால் ஆமாம். இரண்டு இருமல் என்றால் வேண்டாம். என்ன வேண்டும் என்பதை ஜெய்னம்பு போய்ச் சொல்லுவாள். இந்த ஏற்பாட்டில் எங்களுக்குள் ஒரு மனத்தாங்கல் வந்ததில்லை. (இருமலில் எப்படிச் சண்டை போடுவது?)

இப்படி இருந்தவளைத்தான் விசிட் விசா எடுத்து அபுதாபிக்கு வரவழைத்தார்கள். இருபது வருஷம் ஆகப்போகிறது. அங்கே ஃப்ளாட்டில் மூன்று அறை இருந்ததால் சமாளித்துக்கொண்டேன். அவர் ஹாலில் இருந்தால் நான் அடுப்படியில். அவர் அடுப்படிப் பக்கம் வந்தால் நான் பால்கனியில், காய்ந்தும் காயாத துணிகளோடு.

மாப்பிள்ளையின் ஆபீஸில் ஒரு அமெரிக்கர் இருந்தார். அவர் ஊரில் பழைய காலத்து நெடுஞ்சாலைகள் உண்டாம். கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே இருக்கும் வீட்டு வண்டியில் பிள்ளைகுட்டிகளோடு வாரக்கணக்கில் அதில் போவார்களாம். ராத்திரி வந்தால் வழியிலேயே வண்டியை நிறுத்திப் படுத்துக்கொள்வார்களாம். அவர் போட்டோ காட்டக் காட்ட மாப்பிள்ளைக்கும் ஆசை பிடித்துக்கொண்டது. விசாரித்ததில் அபுதாபியை ஒட்டிய முசஃபாவில் ஒரு ஒர்க்‌ஷாப்காரரிடம் அப்படி ஒரு பழைய வண்டி வாடகைக்கு இருந்தது. பெருநாள் லீவுக்கு லிவா பாலைவனம் போவதென்று முடிவானது.

கிளம்புகிற அன்று காலையிலேயே சண்டை ஆரம்பித்தது.

"ஊரெல்லாம் மால்ல சேல் போட்டிருக்கான். நம்ம மட்டும் மண்ணப் பாக்கப் போறோம்" என்றாள் ஜெய்னம்பு.

"அது சும்மா மண்ணு இல்ல. அந்தக் காலத்துல அரபிக்காரங்க ஒட்டகத்துல போன வழி. அமெரிக்காக்காரனுக்கு மட்டுந்தான் பழைய ரோடு இருக்கா?"

"அப்ப நீங்க ஒட்டகத்துலயே போங்க மச்சான்."

மாப்பிள்ளை ஒரு சத்தம் போட்டார். அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். நான் பால்கனியில் இருந்தேன்.

வண்டிக்குள் ஏறிப் பார்த்தேன். வீடு என்றார்களே, வீட்டில் சுவர் இருக்காதா? ஓட்டுகிறவர் திரும்பினால் கடைசிக் கட்டில் வரை தெரிகிறது! நான் ஒரு பழைய சேலையை எடுத்து, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் குறுக்கே கட்டிவிட்டேன். அந்தக் கக்கூஸையும் பார்த்தேன். ஒரு பலகைக் கதவு. உள்ளே செம்பு உருண்டால் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்குக் கேட்கும். அந்த நிமிஷமே, லிவா போய்த் திரும்பும்வரை தண்ணீர் குடிப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

எனக்குக் கிடைத்த வேலை ஃப்ரிட்ஜைப் பிடித்துக்கொள்வது. அதன் கதவுக்குக் கொக்கி கிடையாது, வண்டி வளைந்தால் 'பே' என்று வாயைத் திறக்கும். நான் அதன் எதிரில் உட்கார்ந்து காலால் முட்டுக்கொடுத்தபடி வந்தேன். மடியில் வட்டலப்பச் சட்டி. முட்டையும் தேங்காய்ப் பாலும் கருப்பட்டியும் சேர்த்து விடிகாலையில் எழுந்து அவித்தது. மாப்பிள்ளைக்கு உயிர். பேத்தி ஹனாவுக்கு அப்போது மூன்று வயது, பின் கட்டிலில் தூங்கிவிட்டாள். ஜெய்னம்பு கோபத்தில் முன் சீட்டில் ஏறாமல் திரைக்கு இந்தப் பக்கம் என்னோடுதான் உட்கார்ந்து வந்தாள்.

வழியில் தரீஃப் என்ற ஊரைத் தாண்டி ஒரு பெட்ரோல் பம்பில் நிறுத்தினார்கள். ஜெய்னம்பு லுஹர் தொழுதுவிட்டு வருவதாகப் பக்கவாட்டுக் கதவைத் திறந்து இறங்கினாள்.

"உம்மா, வாறியளா? பாத்ரூம் போவணும்னா இங்க லேடீஸுக்குத் தனியா இருக்கு."

போக எனக்கு எவ்வளவு அவசரம் என்று எனக்கும் படைத்த ரப்புக்கும்தான் தெரியும். ஆனால் மாப்பிள்ளை கதவுக்குப் பக்கத்திலேயே நின்று பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தார். "வேணாம்மா" என்றேன். அவள் கதவைத் திறந்தபடியே போட்டுவிட்டுப் போய்விட்டாள். மணல் காற்று உள்ளே வந்தது. பிள்ளை மேல் படுமே என்று நான் கதவை இழுத்து டப்பென்று சாத்தினேன்.

அந்தச் சத்தம் கேட்டுத்தான் மாப்பிள்ளை வந்து சீட்டில் ஏறினார். திரைக்கு அந்தப் பக்கமிருந்து, "ஏறியாச்சா? போலாமா?" என்றார்.

அந்த நேரம் பார்த்துத் தொண்டையில் மணல். இருமினேன்.

ஒரே ஒரு இருமல்.

வண்டி கிளம்பிவிட்டது.

உடனே இரண்டு தடவை இருமினேன். வண்டி நிற்கவில்லை. இன்னும் இரண்டு. அப்புறம் நாலு. இருமலை எண்ணிப் பழகிய மனிதர், இத்தனையை என்னவென்று கணக்குப் போடுவார்?

"ஜெய்னம், மாமிக்கு நெஞ்சுல சளி கட்டியிருக்கு போல. வெந்நி வச்சுக் குடு" என்றார். ஏசியையும் குறைத்தார். நல்ல மனிதர். நல்ல மனிதராக இருந்து என்ன பிரயோஜனம்? வண்டியின் வேகம் குறையவில்லையே.

வளையலை ஆட்டினேன். கரண்டியால் சட்டியைத் தட்டினேன். அந்த வண்டியில் எல்லாமே ஆடிக்கொண்டும் தட்டிக்கொண்டும் இருந்ததால் அது எடுபடவில்லை. ஹனாவை உலுக்கினேன். அவள் கண்ணைத் திறக்காமல், "நோ, உம்மும்மா" என்று புரண்டு படுத்தாள். ஃப்ரிட்ஜுக்கு மேலே பார்த்தால் ஜெய்னம்புவின் மொபைல் சார்ஜில் கிடந்தது. பக்கத்திலேயே அவள் ஹேண்ட்பேக். கையில் போனும் இல்லை, காசும் இல்லை. லாரிக்காரர்கள் மட்டும் வந்து போகும் இடத்தில் என் பிள்ளை தன்னந்தனியாக நிற்கிறாள். ஜன்னலில் மணல் மேடுகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போகின்றன.

வாயைத் திறந்தால் போதும். திறக்க வரவில்லை. எட்டு வருஷம் பூட்டி வைத்த வாய்.

இருமி இருமித் தொண்டை வற்றி நான் ஓய்ந்தேன். அதுதான் பெரிய தப்பாகப் போனது.

"இருமல் நின்னுட்டு. மாமி தூங்கிட்டாவ போல" என்றார் மாப்பிள்ளை. குரலையும் தாழ்த்திக்கொண்டார். "ஜெய்னம்... இன்னும் கோவமா?"

யா அல்லாஹ்!

"சரி, காலையில நான் சத்தம் போட்டது தப்புதான். பேச மாட்டியா? என் தங்கம்ல?"

நான் முந்தானையை முகத்தில் இழுத்து மூடிக்கொண்டேன்.

"நேத்து அந்தப் பச்சைச் சேலையில நீ எப்படி இருந்த தெரியுமா..."

இரண்டு கையாலும் காதைப் பொத்தினேன். பொத்துகிற அவசரத்தில் கால் நழுவி ஃப்ரிட்ஜ் வாயைத் திறந்தது. தயிர் டப்பா உருண்டு வந்தது. ஃப்ரிட்ஜைப் பிடித்தால் காது திறக்கிறது, காதைப் பொத்தினால் ஃப்ரிட்ஜ் திறக்கிறது. அவர் பாட்டுக்குச் சேலையிலிருந்து கொலுசுக்குப் போய்க்கொண்டிருந்தார். (மேற்கொண்டு எழுத மாட்டேன். ஜெய்னம்பு இதைப் படிப்பாள்.)

அப்புறம் வேறு மாதிரிக் குரலில் சொன்னார்:

"மாலுக்குப் போனா உங்க உம்மா தலையக் குனிஞ்சுக்கிட்டு ஒரு மூலையில நிப்பாவ. அதான் இந்த வண்டிய எடுத்தேன். மூணு நாள் ஒரே வண்டில இருந்தா, ஒரு வார்த்தையாச்சும் பேசிர மாட்டாவளான்னு பாத்தேன். என் உம்மா மவுத்தாகி இத்தன வருஷம் ஆச்சு. உங்க வீட்டுக்கு வந்தா எனக்கு இருமல் சத்தந்தானே கேக்குது."

காதைப் பொத்திய கை தானாக இறங்கிவிட்டது. அந்தப் பக்கம் மகள் நிற்கிறாள், இந்தப் பக்கம் இவர் இப்படிச் சொல்கிறார். வாயைத் திறந்தேன். அப்போதும் அவரைப் பார்த்துப் பேச வரவில்லை. எதிரில் இருந்தது ஃப்ரிட்ஜ். அதைப் பார்த்துத்தான் கத்தினேன்.

"யே ஃப்ரிட்ஜே! ஜெய்னம்பு இந்த வண்டிலயே இல்ல! பெட்ரோல் பம்புல விட்டுட்டு வந்தாச்சு! வண்டி ஓட்டுறவுகட்ட யாராச்சும் சொல்லுங்களேன்!"

பிரேக் போட்டார் பாருங்கள். சேலைத்திரை அறுந்தது. வட்டலப்பச் சட்டி என் மடியிலிருந்து பறந்து முன்னால் போய், கியருக்கும் அவருக்கும் நடுவே கவிழ்ந்தது. டிரைவர் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் அவர் கண்ணும் என் கண்ணும் சந்தித்துக்கொண்டன. எட்டு வருஷத்தில் முதல் தடவை. அவர் சட்டைக் கையெல்லாம் கருப்பட்டி.

அப்புறம் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஒரு குரல்:

"ஃப்ரிட்ஜே... மாமி எப்பலேர்ந்து முழிச்சிருக்காவன்னு கேளு."

நான் இருமவில்லை. இதற்கெல்லாம் எத்தனை இருமல் என்று நாங்கள் பேசி வைத்திருக்கவில்லை.

யூ டர்ன் கிடைக்க இன்னும் வெகுதூரம் போக வேண்டியிருந்தது. மாப்பிள்ளை பறந்தார்.

"ஃப்ரிட்ஜே, அவகிட்ட போன் இருக்கா?"

"இல்ல ஃப்ரிட்ஜே. ஒன் தலைமேலதான் கெடக்கு."

"அவ அழுவாளா ஃப்ரிட்ஜே?"

"அவ அழ மாட்டா. மத்தவங்கள அழ வப்பா. மெதுவாப் போகச் சொல்லு, புள்ள தூங்குது."

பம்பில் ஜெய்னம்பு கடைக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். கையில் டீ. அங்கே வேலை பார்த்த பாகிஸ்தான் பட்டாணியர் ஒருவர், "பைட்டோ பெஹன், ஆ ஜாயேகா" (உட்காரு தங்கச்சி, வந்துருவார்) என்று உட்கார வைத்திருக்கிறார். வண்டியைக் கண்டதும் எழுந்து வந்தாள். புருஷனை ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னிடம்தான் வந்தாள்.

"உம்மா, நீங்க உள்ளதான இருந்திய? நான் ஏறலன்னு தெரியும்ல?"

"தெரியும்."

"சொல்ல வேண்டியதுதான?"

"யார்ட்டச் சொல்ல?" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள், கவிழ்ந்து கிடந்த வட்டலப்பத்தைப் பார்த்தாள், சட்டைக் கையை யாருக்கும் தெரியாமல் நக்கிக்கொண்டிருந்த மாப்பிள்ளையைப் பார்த்தாள். அடக்கமாட்டாமல் சிரித்தாள். நான் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு லேடீஸ் பாத்ரூமுக்கு ஓடினேன்.

லிவாவில் மணல் நன்றாகத்தான் இருந்தது. மூன்று நாளும் ஃப்ரிட்ஜுக்குப் பேச்சு ஓயவில்லை. "ஃப்ரிட்ஜே, ஆணத்துல உப்பு கம்மி" என்று குழம்பைக் குறை சொல்வார். "ஃப்ரிட்ஜே, உப்பு அடுப்புக்குப் பக்கத்துல இருக்கு" என்பேன். முசஃபாவில் வண்டியைத் திருப்பிக் கொடுத்த அன்று எனக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

இப்போது மாப்பிள்ளை அபுதாபி வாசம் முடித்து ஊரோடு வந்துவிட்டார். எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் பக்கத்தில் நின்றுதான், "ஃப்ரிட்ஜே, மாமி மாத்திர போட்டாவளா?" என்று கேட்பார். காலேஜ் போகும் ஹனா, வீட்டில் யார் யாரோடு முறைத்துக்கொண்டாலும், "எதுவா இருந்தாலும் ஃப்ரிட்ஜ்கிட்ட சொல்லுங்க" என்கிறாள்.

போன மாதம் அந்த ஃப்ரிட்ஜ் நின்றுபோனது. ரிப்பேர்காரர் பார்த்துவிட்டு, இனிமேல் ஓடாது, பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள் என்றார். ஜெய்னம்பு சரியென்று தலையாட்டினாள். மாப்பிள்ளை குறுக்கே வந்து நின்றார்.

"அது குளிராட்டிப் பரவால்ல. அத எடுத்துட்டா மாமி யார்ட்டப் பேசுவாவ?" என்றவர், ஃப்ரிட்ஜைப் பார்த்துத் திரும்பினார். "ஃப்ரிட்ஜே, நீ இங்கேயே இருக்கணுமான்னு மாமிட்டக் கேளு."

கதவுக்குப் பின்னால் நின்றிருந்த நான் ஒரு தடவை இருமினேன்.