பாய் கடையைச் சின்னதாக்கிய டேசன் மாஸ்டர்

தர்மபுரி ஜில்லாவில் டேசன் மாஸ்டரைப் போல ஓர் இடத்தில் உட்கார முடியாத மனிதர் முன்னும் பிறந்ததில்லை, இனியும் பிறக்கப் போவதில்லை. சாப்பாட்டை நின்றுகொண்டு சாப்பிடுவார். பேப்பரை நடந்துகொண்டு படிப்பார். பஸ்ஸில் சீட் கிடைத்தாலும் இண்டூர் வருவதற்குள் அதை யார் தலையிலாவது கட்டிவிட்டுப் படிக்கட்டருகே போய் நின்றுகொள்வார்.

எண்பதுகளில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு லாட்ஜில் நானும் அவரும் ஒரே அறை. பெயரைப் பார்த்து ரயில்வே உத்தியோகம் என்று நினைத்துவிடாதீர்கள். ஆள் சர்வே ஆபீஸ் குமாஸ்தா. டேசன் இருந்தது எங்கள் கட்டிலுக்கு அடியில், ஒரு பலகையின் மேல். பிளாட்பாரம், தண்டவாளம், கைகாட்டி எல்லாம் அவரே செய்த பொம்மைகள். ரயில் மட்டும் இல்லை.

"ரயில் எப்ப சார் வரும்?" என்று கேட்டேன்.

"கடையே இல்லாத டேசன்ல ரயில் எதுக்குங்க நிக்கணும்? மொதல்ல கடை."

கடை என்றால் லாட்ஜுக்கு எதிரே இருந்த பாய் மளிகைக் கடை. அதை அப்படியே, தீப்பெட்டியை நிறுத்திவைத்த உயரத்துக்குச் செய்ய வேண்டுமாம். காலி மருந்து கேப்சூலில் கடுகைப் போட்டால் மிட்டாய் பாட்டில். சீரகத்துக்கு மஞ்சள் பூசி நூலில் கட்டினால் வாழைத்தார். என் புதுக் கர்ச்சீப்பின் மூலை புளி மூட்டை ஆனது. என் சட்டைப் பொத்தான் இரண்டும் தராசுத் தட்டு ஆனதால் நான் ஊக்கு குத்திக்கொண்டு ஆபீஸ் போனேன்.

அதையாவது உட்கார்ந்து செய்வாரா? "அங்க பாய் தார்ல ஒரு சீப்பு கம்மியா இருக்குங்களே" என்று ரோட்டைக் கடந்து ஓடுவார். அங்கே யாரோ ஒரு சீப்பு வாங்கிப் போயிருப்பார்கள். திரும்பி வந்து பொம்மைத் தாரிலும் ஒரு சீப்பைப் பிய்ப்பார். சாயங்காலம் பாய் புதுத் தார் தொங்கவிடுவார். இவர் மறுபடி சீரகத்தை எடுப்பார். பார்த்துக்கொண்டிருந்த எனக்குத்தான் கால் வலிக்கும்.

ஒரே ஒரு நிபந்தனை. தெருவில் யாருக்கும் தெரியக் கூடாது. "சர்க்கார் உத்தியோகத்துல இருக்கறவன் பொம்மை செய்யறான்னு தெரிஞ்சா மானம் போயிருங்க."

ஒரு நாள் காலையில் டேப்பை எடுத்துக்கொண்டு போய், பாய் கடை முன்னால் ரோட்டுப் பக்கம் நீட்டியிருந்த தகரப் பந்தலை அளந்தார்.

"எதுக்கு சார் அளக்கறீங்க?" என்றார் பாய்.

பொம்மையை மறைக்க வேண்டும், பொய்யும் சொல்ல வராது. "ஒண்ணுமில்லீங்க பாய். உங்க கடையக் கொஞ்சம் சின்னதாக்கப் போறேன். அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு ஓடி வந்துவிட்டார்.

சர்வே ஆபீஸ் ஆள், கையில் டேப், வாயில் இப்படி ஒரு வார்த்தை. மத்தியானத்துக்குள் 'ரோட்டை அகலப்படுத்தப் போறாங்களாம்' என்று தெருவே பற்றிக்கொண்டது. டீக்கடை பெஞ்சு உள்ளே போனது. டெய்லர் மெஷினை இழுத்துக்கொண்டார். பாய் பந்தலையே கழற்றிவிட்டார். மறுநாளிலிருந்து அவர் கடையில் வெல்லம் வெயிலில் இளகியது. காரிமங்கலம் சந்தை முடித்து வருகிறவர்கள் நிழலைத் தேடி அடுத்த தெருக் கடைக்குப் போனார்கள். பாய் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

நம்ம ஆள் ஜன்னல் வழியே பார்த்துவிட்டுப் பதறினார். எதற்கு? "ஐயையோ, என் பந்தல் தப்பாயிருச்சே!" என்று பொம்மைப் பந்தலைப் பிய்க்கப் போனார்.

எனக்கு வந்ததே கோபம். "சார், அங்க பாய் பொழப்பே போவுது! நீங்க சொன்ன வார்த்தையாலதான்!" என்று கத்தினேன்.

அப்படியே நின்றார். பிறகு அறையை நீளவாக்கில் நடந்தார், குறுக்குவாக்கில் நடந்தார். "சொன்னா தெருவே சிரிக்குமேங்க" என்றார். கடைசியில் பொம்மைக் கடையைத் துண்டால் மூடி எடுத்துக்கொண்டு, பட்டப்பகலில் ரோட்டைக் கடந்தார். நானும் பின்னாலேயே போனேன்.

"பாய், சின்னதாக்கறேன்னு நான் சொன்னது இதைத்தானுங்க" என்று துண்டை எடுத்தார்.

தெரு சிரித்தது. டெய்லர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பாய் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தராசைப் பார்த்தார், தாரைப் பார்த்தார். அடி விழப் போகிறது என்று நான் இரண்டடி பின்னால் வந்துவிட்டேன்.

"கல்லால ஆளக் காணோமே சார்?"

"ஆளு செய்ய எனக்கு வராதுங்க பாய்."

"தெறந்த கடைய இப்படிப் போட்டுட்டா போவாங்க? என்னையும் செஞ்சு வைங்க" என்றவர் டெய்லர் பக்கம் திரும்பினார். "நீ சிரிச்சது போதும், வந்து தகரத்தைப் பிடி. பொம்மைக்கு இருக்கற நெழல் எனக்கு வேணாமா?"

கொஞ்ச நாளில் டேசன் மாஸ்டருக்கு டிரான்ஸ்ஃபர் வந்தது. ரயில் வரவே இல்லை. அந்தக் குட்டிக் கடையைப் பாயிடமே கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

பல வருஷம் கழித்து அந்தப் பக்கம் போனபோது பாய் கல்லாவுக்கு மேலே அதைப் பார்த்தேன். உள்ளே தொப்பி போட்ட குட்டி பாய். வெளியே பந்தலுக்கு எதிரே, கையில் நூல் டேப்போடு தீக்குச்சியில் செய்த நெட்டை மனிதர்.

"போறப்ப அவரே வெச்சிட்டுப் போனாருங்க" என்றார் பாய். "வெயில்ல நிக்கறாரேன்னு தெனமும் பந்தலுக்கு அடியில தள்ளி வெக்கறேன். தூசி தட்டறப்ப எப்படியோ வெளிய வந்துடறாரு."

விரலை நீட்டி, அவரை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்தேன்.