ஒரு பகல் தண்டனை

“கேட்டா உள்ள தூக்கிப் போடுவாங்க,” என்றாள் இளவேனி.

“பதில் சொல்லத் தெரியாதவங்க வேற என்ன செய்வாங்க?” ஆதன் சட்டைப் பொத்தானைப் போட்டபடி சிரித்தான். “நீ பட்டினி கிடந்து இளைச்சுடாத வேனி. உங்க அண்ணன் என்னைத்தான் திட்டுவான்.”

சிறைச் சுவரோரம் நிற்கும்போதெல்லாம் இந்தப் பேச்சுதான் அவளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

வெண்பரப்பு நாட்டின் குறுக்கே கற்கள் நட்டு ஒரு கோடு குறித்திருந்தார்கள். துருவ வட்டம் எனப்படும் அந்தக் கோட்டுக்கு வடக்கே, நடுக் குளிர்காலத்தில் சூரியன் எட்டிப் பார்க்காது. கோடையில் மறையவே மறையாது. இளவேனியின் ஊரில் இருளும் அறுபது நாள், வெளிச்சமும் அறுபது நாள். அதை யாரும் குறையாக நினைத்ததில்லை, நாடு முழுவதற்கும் ஒரே சட்டம் என்று அரசர் முடிவெடுக்கும் வரை.

தேர்தல், ஆண்டின் மிகக் குறுகிய பகலில், சூரியன் எழுந்தது முதல் மறையும் வரை நடக்கும் என்றார்கள். வடக்கே சாவடிகள் திறக்கவே இல்லை. அங்கே சிறு அசம்பாவிதமும் இன்றி வாக்குப்பதிவு முடிந்ததாக அறிக்கை வந்தது. அப்படி அமைந்த சபை அடுத்த சட்டத்தை இயற்றியது. அரசைக் கேள்வி கேட்பவருக்கு ஒரு பகல் சிறை. பொழுது சாய்ந்ததும் விடுதலை. பகலுக்கு ஒரு வேளை உணவு. தெற்கே கேள்வி கேட்டவர்கள் இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பினார்கள். கனிவான சட்டம் என்று அவர்களே மெச்சிக்கொண்டார்கள்.

மறையாத சூரியன் எழுந்த அன்று பகல் துறை அமைச்சர் வடக்கே வந்தார். எங்கள் வாக்கு எங்கே என்று கேட்ட ஆதனை, கேட்ட இடத்திலேயே பிடித்துப் போனார்கள். அன்று ஒரு தட்டுச் சோறு கொடுத்தார்கள். பிறகு தண்ணீர் மட்டும்.

இளவேனி கஞ்சி கொண்டுபோனாள். ஒரு பகலுக்கு மேல் தண்டனை பெற்றவர்களுக்கே வீட்டுச் சாப்பாடு அனுமதி என்று காவலர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அவள் சுவரைத் தட்டினால் ஆதன் உள்ளிருந்து தட்டுவான். தெற்கத்திக் கணக்கில் பதினெட்டாம் நாள், நெடுநேரம் தட்டிய பிறகு ஒரே ஒரு தட்டல் கேட்டது. ஏதோ நகம் உரசியதுபோல.

மறுநாள் ஒளித் திருவிழாவுக்கு அரசர் வந்தார். அவரிடம் விளக்கு, கம்பளி தவிர வேறெதுவும் கேட்கக் கூடாதென்று, பரிசு வாங்க வரிசையில் நின்றவர்களுக்கு அமைச்சர் பாடம் நடத்தினார். இளவேனியின் மனதில் முதல் வாரத்திலேயே ஒன்று வந்து உட்கார்ந்திருந்தது. கேட்டால் தனக்கும் அதே சுவர்தான் என்ற பயத்தில் விழுங்கிக்கொண்டே இருந்தாள்.

“இந்தம்மா புருஷன் உள்ள இருக்கான், மகாராஜா. கம்பளி கேட்டு வந்திருக்கு,” என்றார் அமைச்சர்.

“ஒரு பகல்தானம்மா,” என்றார் அரசர் பரிவோடு. “அதுக்குப் போய் இப்படி வாடிப்போகலாமா?”

அமைச்சர் நீட்டிய கம்பளியை அவள் வாங்கவில்லை.

“அவரை வெளிய விட்டுடுங்க மகாராஜா. மிச்சப் பகலுக்கு நீங்க உள்ள இருங்க.”