கிளைமாக்ஸ் அண்ணனின் கொலைப் படம்

ஒரு மனிதரைக் கண்டு காரைக்காலே சந்து மாறிப் போகும் என்றால், அது 'கிளைமாக்ஸ்' அண்ணனைக் கண்டுதான். ரவுடி எல்லாம் இல்லை, கல்யாண வீடியோ எடுப்பவர். யார் சிக்கினாலும் ஒரே கேள்வி: "நம்ம படத்த கிளைமாக்ஸ் வரைக்கும் பாத்தீங்களா?"

அவர் சொந்தமாக ஒரு படம் எடுத்திருந்தார். கூட்டாளியை நடுக்கடலில் தள்ளிவிட்டுக் கரைக்கு வருகிறவன், ஊருக்கே விஷயம் தெரிந்துவிட்டதோ என்று பயந்து சாகிறான். இரண்டரை மணி நேரமும் சாகிறான். பாட்டில்லை, சிரிப்பில்லை, வெளிச்சமும் கிடையாது. காரைக்கால்மேட்டு ஏலத்தில் கிடக்கும் வஞ்சிரம் முறைத்தால்கூட அவனுக்கு வியர்க்கும். அந்த மீனை மட்டும் ஏழு நிமிடம் காட்டுவார். கதாநாயகன் யார்? அண்ணனேதான்.

வெற்றிலை பாக்கு வைத்து அழைத்து, மண்டபத்தில் மதியச் சாப்பாடு போட்டுத் திரையிட்டார். பாயசம் வரை இருந்த கூட்டம் திரையில் மீன் வந்தபோது இல்லை. நான் மட்டும் மின்விசிறிக்குக் கீழே தூங்கிப்போனேன். விழித்தால், எதிரே அண்ணன்.

"முடிவு எப்படி தம்பி?"

"பிரமாதம்ணே!"

மனிதர் அழுதுவிட்டார்.

பிறகு சீர்காழியில் யாரோ படத்தைத் திரையிடச் சம்மதித்தார்கள். என்னைப் பைக் ஓட்டச் சொல்லி, மடியில் லேப்டாப் பையோடு பின்னால் உட்கார்ந்தார். பூவம் தாண்டித் தமிழ்நாட்டு எல்லைச் சோதனைச்சாவடி. இடுப்பில் மலிவுச் சரக்குப் பாட்டிலைச் செருகிக்கொண்டு எங்களூர்க்காரர்கள் பச்சைக் குழந்தை முகத்தோடு கடக்கும் இடம். பாட்டிலே இல்லாத அண்ணனோ, வேர்த்துக் கொட்ட, பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

ஏட்டு கை காட்டினார். "பையில என்ன?"

"ஒரு கொலை சார்."

போச்சு! மரநிழலில் உட்காரவைத்துப் படத்தைப் போடச் சொன்னார். பத்து நிமிடத்தில் விட்டுவிடுவார் என்று நினைத்தேன். பாதியில் டூட்டி முடிந்தும் ஏட்டு எழுந்திருக்கவில்லை. கடைசியில் கொலைகாரன் தானே ஸ்டேஷனுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்கிறான். யாரும் நம்பாமல், டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள்.

"யோவ், நானா இருந்தா உள்ள வச்சிருப்பேன்யா!" என்று ஏட்டு கொதித்தார். அண்ணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை.

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். 'முடிவு வரை பார்த்த முதல் மனிதருக்கு நன்றி' என்று என் பெயர் வந்தது. இப்போது எனக்கு வேர்த்தது.

வழியில் சொல்லிவிட்டேன். "அண்ணே, அன்னைக்கு நான் தூங்கிட்டேன்."

"தெரியும் தம்பி. உங்க கொறட்டையில வசனமே கேக்கல. ஆனா எந்திரிச்சுப் போகலல்ல?"

படத்திலிருந்து என் பெயரை அவர் எடுக்கவேயில்லை. இன்றும் அவரைக் கண்டால் ஊர் சந்து மாறித்தான் போகிறது. நான் மட்டும் நேரே போய் அந்த வஞ்சிரத்தைப் பற்றி விசாரிக்கிறேன். எனக்கு அவரை அவ்வளவு பிடிக்கும்.