பிரேக்டவுன் அண்ணாச்சியின் ஜெப வகுப்பு

ராஜபாளையத்தில் ஆண்டவரிடம் சுற்றி வளைக்காமல் பேசத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் போதகர் அல்ல, நூற்பாலை ஃபிட்டர். நாங்களெல்லாம் ஜெபம் என்று வாயைத் திறந்தால் கலெக்டருக்கு மனு எழுதுவது மாதிரிதான். 'மகா மேன்மையும் கனமும் பொருந்திய' என்று ஆரம்பித்து, விஷயத்துக்கு வருவதற்குள் ஆமென் வந்துவிடும். அவர் கண்ணை மூடினால் நேரே விஷயம்தான். "ஆண்டவரே, முழங்கால் வலிக்கி. நேத்தும் சொன்னேன். ஆமென்." அவ்வளவுதான், உட்கார்ந்துவிடுவார்.

அவருடைய சொந்தப் பெயர் ஞானஸ்நானப் பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது. ஊர் வைத்த பெயர் பிரேக்டவுன் அண்ணாச்சி. மில்லில் மெஷின் நின்றால் 'பிரேக்டவுன்' என்று குரல் கொடுப்பார்கள், இவர் ஸ்பானரோடு ஓடுவார். மெஷின் இரைச்சலை மீறிப் பேசிப் பழகிய தொண்டை. அவர் ரகசியம் சொன்னால் சேத்தூர் பஸ்ஸில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். தலையிலும் புருவத்திலும் எப்போதும் பஞ்சு ஒட்டியிருப்பதால் ஐம்பது வயதிலேயே பழைய ஏற்பாட்டுத் தீர்க்கதரிசி மாதிரி இருப்பார். குளித்து வந்தால் நம்மைப் போல் சாதாரண ஆளாகிவிடுவார்.

அவர் எங்கள் சபையில் வாலிபப் பிள்ளைகளுக்கு ஜெப வகுப்பு எடுக்க வந்ததே ஒரு விபத்து. கமிட்டியில் போதகர், "இந்தப் பொறுப்பை யார் எடுக்கிறீர்கள்?" என்று கேட்டார். நாங்கள் எல்லோரும் தரையில் எதையோ தேடினோம். அண்ணாச்சி அந்த நேரம் பார்த்துத் தலையில் இருந்த பஞ்சை எடுக்கக் கையைத் தூக்கினார். போதகர், "கர்த்தருக்கு ஸ்தோத்திரம்!" என்றார். நாங்கள் கை தட்டிவிட்டோம். தூக்கிய கையை இறக்க அவருக்கு வழியில்லாமல் போனது.

முதல் ஞாயிறு வகுப்பில் ஒரு பையனை ஜெபிக்கச் சொன்னார். பையன் போதகர் குரலிலேயே மூன்று நிமிடம் ஜெபித்தான். போதகர் இடையில் இருமுவதையும் விடவில்லை. முடித்ததும் அண்ணாச்சி கேட்டார்.

"ஏலே, இதுல உன் பிரச்சினை எது?"

"எனக்கு ஒண்ணும் இல்ல அங்கிள்."

"பொறவு எதுக்கு மூணு நிமிஷம் ஆண்டவரப் பிடிச்சு நிறுத்துன?"

அண்ணாச்சி விளக்கினார். "மில்லுல மெஷின் நின்னு போச்சுன்னு வையி. ஆபரேட்டர் எங்கிட்ட வந்து, 'அருமையான மெஷின் அண்ணாச்சி, ஜெர்மனிக்காரன் செஞ்சது, முதலாளி நல்லாயிருக்கணும்'னு பேசிக்கிட்டே நின்னா நான் ஓடுவேனா? எந்த மெஷின், எப்ப நின்னுச்சு, என்ன சத்தம் போடுது. அதச் சொல்லு!"

அடுத்த நாளே என் ஜெராக்ஸ் கடைக்கு ஒரு காகிதத்தோடு வந்தார். மில்லில் கோளாறு எழுதித் தருகிற பிரேக்டவுன் ஸ்லிப்பைப் பார்த்துக் கையால் எழுதியிருந்தார். மெஷின் என்ற இடத்தில் அவரவர் பெயர். பிறகு கோளாறு, எப்போதிலிருந்து, என்ன சத்தம், காரணம், இதுவரை செய்தது, தேதி, கையெழுத்து. "நூறு போடு. ஜெபத்துக்கு," என்றார். அன்று நான் சிரித்த சிரிப்பில் பேப்பர் கோணலாக உள்ளே போய் மெஷின் மாட்டிக்கொண்டது. அதையும் அவர்தான் சரிசெய்து தந்தார்.

பிள்ளைகள் வாரம் முழுக்க ஸ்லிப் எழுதுவார்கள், அதை வைத்து வீட்டில் ஜெபிப்பார்கள், ஞாயிற்றுக்கிழமை மூடி ஒட்டிய அட்டைப்பெட்டியில் போடுவார்கள். மாதக் கடைசியில் அண்ணாச்சி ஒன்றைக்கூடப் பிரிக்காமல் சர்ச்சுக்குப் பின்னால் தகர டின்னில் போட்டு எரித்துவிடுவார். கமிட்டிப் பெரியவர் ஒருவர், "பிள்ளைங்க என்ன எழுதுதுன்னு நாங்க பாக்க வேண்டாமா?" என்று பெட்டியில் கை வைத்தார். "ஸ்லிப்பு மெயின்டனன்ஸுக்கு எழுதுனது. நீங்க செக்யூரிட்டி, கேட்டுல நில்லுங்க," என்றார் அண்ணாச்சி. பெரியவர் ஒரு மாதம் அவரை எதிரே பார்த்தால் ஸ்தோத்திரம் சொல்லவில்லை.

பிள்ளைகளும் லேசுப்பட்டவர்கள் அல்ல. "ஜெபிக்கும்போதே கெட்ட நெனப்பு வருது அங்கிள், அதையும் எழுதணுமா?" என்றான் ஒருவன்.

"எழுதாம? கடகடன்னு சத்தம் வாற மெஷினுக்குச் சத்தமே இல்லன்னு எழுதுனா ஃபிட்டர் எதத் தேடுவான்?"

"எழுதி எழுதிப் பதிலே வரலன்னா?"

"மெஷின விட்டு நகராம நில்லு. ஆள் இல்லன்னா ஃபிட்டர் திரும்பிப் போயிருவான்." செத்த நேரம் யோசித்தார். "அவரு திரும்ப மாட்டாரு. நான் திரும்பிருவேன்."

இதையெல்லாம் நான் வீட்டில் நடித்துக் காட்டுவேன். டீச்சரம்மாவான என் மனைவி முறைப்பாள். அந்த வகுப்புக்குப் போய்வந்த என் மகள் ஷைனி அடக்க முடியாமல் சிரிப்பாள். அப்போது அவள் ப்ளஸ் ஒன்.

ஒரு சனிக்கிழமை காலை என் சிரிப்பு நின்றது.

ஷைனி டியூஷனுக்குப் போயிருந்தாள். மனைவி ஸ்பெஷல் கிளாஸ் எடுக்கப் போயிருந்தாள். மறுநாள் ஆராதனையில் வேதப் பகுதி வாசிக்க என் பெயரைப் போட்டிருந்தார்கள். ஒத்திகை பார்க்கலாம் என்றால் என் பைபிளைக் காணோம். கடைசியாக எப்போது பார்த்தேன் என்ற கேள்வியை நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஷைனியின் பைபிளை எடுத்தேன். ஸ்லிப் விழுந்தது. மடித்திருந்தது. மடித்த காகிதத்தைப் பிரிக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். கைக்குத் தெரியவில்லை.

மெஷின்: ஷைனி.
கோளாறு: ஜெபம் ஓடவில்லை.
எப்போதிலிருந்து: நான்கு மாதம்.
என்ன சத்தம்: ஒரு சத்தமும் இல்லை. அதுதான் கோளாறு.
காரணம்: தெரியவில்லை.
இதுவரை செய்தது: அம்மா வருத்தப்படக் கூடாது என்று குடும்ப ஜெபத்தில் உதட்டை மட்டும் அசைக்கிறேன். நீங்கள் இருக்கிறீர்களா?

தேதி, கையெழுத்து வரை இரண்டு முறை வாசித்தேன். மூன்றாம் முறை எழுத்தே தெரியவில்லை. பிள்ளை கர்த்தரை விட்டுப் போகிறாள். பிறகு சபையை விட்டு, வீட்டை விட்டு, படிப்பை விட்டு என்று அரை நிமிடத்தில் அவள் வாழ்க்கையை நானே முடித்துவைத்துவிட்டேன். ஊரில் இருக்கிற சாவு வீடு, கல்யாண வீடு எல்லாவற்றிலும் ஜோக் அடிக்கிற எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை. அண்ணாச்சிக்குப் போன் செய்தேன். அவர் போனை எடுத்ததாக வரலாறு கிடையாது. வீட்டுக்கு ஓடினால், எரிந்துபோன மில் மோட்டாரைப் புதுக் கம்பி சுற்றிக் காயில் கட்டக் கொடுத்திருக்கிறார்கள், அதைப் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருக்கிறார் என்றார்கள்.

ஸ்கூட்டரை எடுத்தேன். வழியெல்லாம் எதிரே வந்தவர்கள் என்னைப் பார்த்துக் கையை ஆட்டிப் பதறினார்கள். ஒரு அம்மா நெஞ்சில் கை வைத்தார். செய்தி அதற்குள் பரவிவிட்டதே என்று கூசிப்போனேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் வண்டியை நிறுத்தும்போதுதான் தெரிந்தது, சைடு ஸ்டாண்டை எடுக்காமலே வந்திருக்கிறேன்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கத்தில் காயில் கட்டும் கடை. ஒரு பக்கம் டீக்கடை, மறுபக்கம் பால்கோவாக் கடை. அண்ணாச்சி ஒரு மோட்டாரை மடியில் வைத்துக் குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, ஷைனியோட ஸ்லிப்ப வாசிச்சிட்டேன்."

அவர் முகம் மாறியது. "அடுத்த டிபார்ட்மென்ட் ஸ்லிப்ப நீ எதுக்குலே வாசிச்ச?"

"அதில்ல அண்ணாச்சி, அதுல அவ என்ன எழுதியிருக்கான்னா..."

"சொல்லாத!"

சட்டைப்பையில் கையை விட்டார். வேஸ்ட் பஞ்சை எடுத்தார். இரண்டாக உருட்டி இரண்டு காதிலும் அடைத்துக்கொண்டு மோட்டாரைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். நான் விடுவேனா? குரலை உயர்த்தினேன். அவர் பஞ்சை இன்னும் அழுத்தினார். நான் இன்னும் உயர்த்தினேன். "நாலு மாசமா ஜெபம் வரலையாம் அண்ணாச்சி! ஒதட்ட மட்டும் அசைக்காளாம்! கடவுள் இருக்கீகளான்னு கேட்டிருக்கா அண்ணாச்சி!"

அண்ணாச்சிக்குக் கேட்கவில்லை. டீக்கடைக்குக் கேட்டது. மதுரை பஸ்ஸுக்குக் கேட்டது. கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடி ஊத மறந்து நின்றார். பால்கோவாக் கடை அக்கா, நெற்றி நிறையக் குங்குமத்தோடு, தராசைப் பிடித்தபடி எட்டிப் பார்த்தார்.

"ஏங்க, இருக்கீகளான்னு பிள்ள சாமிகிட்டதான கேட்டிருக்கு? உங்ககிட்டயா கேட்டுச்சு? நானெல்லாம் கோயிலுக்குப் போயி எம்புட்டு சண்ட போட்டுட்டு வாரேன். சாமி கோவிச்சுக்கிட்டு எந்திரிச்சா போயிருச்சு?"

டீக்கடையில் நாலு பேர் தலையாட்டினார்கள். நான் அப்படியே அந்தக் கடைப் படியில் உட்கார்ந்துவிட்டேன். நான் உட்கார்ந்த விதத்தைப் பார்த்து அண்ணாச்சி ஒரு காதுப் பஞ்சை மட்டும் எடுத்தார்.

"ஒரே ஒரு கேள்வி. உள்ள இருக்கத சொன்னியோ, ஸ்பானர்தான் பேசும். தேதி போட்டிருக்காளா?"

"போட்டிருக்கா."

"கையெழுத்து?"

"அதும் இருக்கு. அடியில கோடு வேற இழுத்திருக்கா."

அண்ணாச்சி மறு காதுப் பஞ்சையும் எடுத்தார். "ரெண்டு டீ!" என்றார். ஊருக்கே கேட்டது.

"லே, வேலைய விட்டுப் போறவன் ஸ்லிப்பே எழுத மாட்டான். பேசாம டிபன் டப்பாவத் தூக்கிட்டுப் போயிருவான். தேதி போட்டுக் கையெழுத்து வைக்கிறவன் யாரு தெரியுமா? நாளைக்கு வந்து, 'தேதியப் பாருங்க, இம்புட்டு நாளாச்சு, இன்னும் ஏன் வரல'ன்னு சட்டையப் பிடிக்கப் போறவன். அவன் மெஷினுக்குப் பக்கத்துலதான் நிக்கான். உன் பிள்ள நிக்கா. போ, டீயக் குடி."

குடித்தேன். அப்படி ஒரு டீயை நான் அதற்கு முன் குடித்ததில்லை. கால் கிலோ பால்கோவா வாங்கி வழியிலேயே பாதியைத் தின்றுவிட்டேன். திரும்பும்போது ஒருவரும் கையை ஆட்டவில்லை. ஸ்டாண்டு மேலே இருந்தது.

ஸ்லிப்பைப் பைபிளுக்குள் திரும்ப வைக்கும்போது முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது.

"அப்பா, என் பைபிள்ல என்ன செய்யுதீங்க?"

"தூசி தட்டுதேன்."

"உள்ளயா?"

பொய்யை மேலே ஓட்டத் தெம்பில்லை. "வாசிச்சிட்டேன்ட்டி. தப்புதான். மன்னிச்சிரு."

ஷைனி முகம் சிவந்தது. "அம்மாகிட்ட சொன்னீங்களா?"

"சத்தியமா இல்ல."

"வேற யார்கிட்ட சொன்னீங்க?"

"ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுல மட்டும்..."

நடந்ததைச் சொன்னேன். காதுப் பஞ்சு, கண்டக்டர் விசில், பால்கோவா அக்கா, எல்லாம். அழப்போகிறாள் என்று நினைத்தேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடிந்ததும்தான் அழுதாள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஒரு உண்மையைச் சொன்னேன்: பதினோரு வருடமாக நானும் உதட்டைத்தான் அசைக்கிறேன்.

"தெரியும்ப்பா. நீங்க ஆமென் சொல்லுறது எப்பவும் ரெண்டு செகண்டு லேட்டு."

அதற்குப் பிறகு அவள் உதட்டை அசைப்பதை நிறுத்திவிட்டாள். "கொஞ்ச நாள் சும்மா உக்காந்திருக்கேம்மா," என்று தாயிடமே சொன்னாள். மனைவி என்னைப் பார்த்தாள். நான் இருமினேன். ஞாயிறுதோறும் வகுப்பு வாசலில் அண்ணாச்சி அவளிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்பார். "நிக்கியாட்டி?" "நிக்கேன் அங்கிள்." வேறு பேச்சு கிடையாது. எல்லாப் பிள்ளைகளிடமும் அதையேதான் கேட்பார். எந்தப் பிள்ளை எதற்காக நிற்கிறது என்று அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள விரும்பவும் இல்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு சாயங்காலம் குடும்ப ஜெபத்தில் மனைவி முடிக்கப் போகும்போது ஷைனி வாயைத் திறந்தாள்.

"ஆண்டவரே, கெமிஸ்ட்ரி கஷ்டமா இருக்கு. உங்ககிட்ட பேசுறதும் கஷ்டமாத்தான் இருக்கு. உங்க மேல கொஞ்சம் கோவம். ஆனா பேசுதேன். ஆமென்."

அன்று நான் ஆமென் சொல்ல ரெண்டு செகண்டு இல்லை, இருபது செகண்டு ஆனது. வாசலுக்கு வந்து அண்ணாச்சிக்குப் போன் செய்தேன். அன்றைக்கென்று எடுத்துவிட்டார்.

"அண்ணாச்சி, பிள்ள நல்லாருக்கா."

"எந்தப் பிள்ள, என்ன ஏதுன்னு சொல்லாத. சந்தோசம்." நான் போனை வைக்கவில்லை. அவரும் வைக்கவில்லை. பிறகு அந்தத் தொண்டையிலிருந்து நான் அதுவரை கேட்டிராத சின்னக் குரலில், "நீ எப்படிலே இருக்க?" என்றார்.

இந்த இரண்டு மாதத்தில் அதை என்னிடம் யாரும் கேட்கவில்லை. ஊரைச் சிரிக்கவைக்கிற ஆளிடம் யார் கேட்பார்கள்?

"நல்லாருக்கேன் அண்ணாச்சி," என்றேன்.

அவர் நம்பவில்லை. கால் மணி நேரத்தில், அவசரத்தில் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்து என் வீட்டு வாசலில் நின்றார். சிரிக்கவைக்க வேண்டிய அவசியம் இல்லாமல் நான் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை.