தாலி கட்டும் இடத்தில் ஒரு மேகம்

சிவமயம்

ஆழ்வார்குறிச்சி,
18.2.1999

மஸ்கட்டில் இருக்கும் மாப்பிள்ளை காந்திமதிநாதன் அவர்களுக்கு மைத்துனன் திருஞானசம்பந்தம் எழுதிக்கொள்வது. இங்கே நானும், உங்கள் வீட்டுக்காரியாகிய என் தங்கை ராஜராஜேஸ்வரியும் சுகம். புதுப்பெண் சங்கரி ஆழ்வார்திருநகரியில் மாமியார் வீட்டில் சுகம். நீங்களும் உயிரோடு, சுகமாகத்தான் இருக்கிறீர்கள். இதை இவ்வளவு அழுத்தி எழுதக் காரணம் உண்டு.

லீவு கிடைக்காமல் மகள் கல்யாணத்துக்கே வர முடியாத உங்களுக்கு, அவள் கழுத்தில் தாலி ஏறுவதைக் கேசட்டிலாவது காட்டிவிட வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். நாளை மஸ்கட்டுக்குத் திரும்புகிற ஷேக் மைதீன் கையில் கொடுத்தனுப்ப ஏற்பாடு. அம்பாசமுத்திரத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கும் மதார் இப்போது கம்ப்யூட்டரில்தான் எடிட்டிங் செய்கிறார். படத்தை வெட்டி ஒட்டி, பூ தூவி, பெயர் போட்ட பிறகு, எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் ஒன்றாகச் சமைத்து இறக்க வேண்டுமாம். அதற்கு ரெண்டரிங் என்று பெயர். அதில் இரண்டு வழி. வேகமான வழியில் மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிடும். நிதானமான வழிக்கு இரண்டு நாள் ஆகும், நடுவில் கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து. நான் அவசரக்காரன், உங்களுக்குத் தெரியும். வேகமாகவே போடச் சொன்னேன். எல்லாரும் சும்மா உட்கார்ந்திருக்கும் வரை படம் நன்றாகத்தான் இருந்தது. கெட்டிமேளம் கொட்டி அட்சதை பறந்ததும் எல்லாம் சதுரம் சதுரமாக உடைந்துவிட்டது. அத்தனை அரிசி ஒருசேரப் பறந்தால் வேகவழி தாங்காதாம். சங்கரி முகம் நாம் இடுப்பில் கட்டுகிற கட்டம் போட்ட சாரம் மாதிரி ஆகிவிட்டது. பையன் யார் கழுத்தில் தாலி கட்டுகிறான் என்று கோர்ட்டில் நிரூபிக்க முடியாது.

சரி, நிதானமாகவே போடும் என்றேன். முதல் தடவை கரண்ட் போயிற்று. மறுதடவை நான் ஸ்டூடியோவிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, கம்ப்யூட்டருக்குக் கரண்ட் குறைந்துவிடும் என்று மதாரை ஃபேன்கூடப் போட விடவில்லை. நேற்று படம் இறங்கியது. ஒவ்வொரு அரிசியும் தனித்தனியாகத் தெரிகிறது. நான் கொட்டாவி விட்டதும் தெரிகிறது. சங்கரி கண்ணில் நீர் கோத்து நிற்பதும் தெரிகிறது. அப்போதுதான் அவள் தலைக்கு மேலே ஒரு மேகம் திரண்டு, அதற்குள் நீங்கள் தோன்றினீர்கள். கழுத்தில் மாலை, தலையைச் சுற்றி ஒளிவட்டம், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு.

நீங்கள் வராத குறை தெரியக் கூடாது என்று உங்கள் போட்டோவைக் கொடுத்து, தாலி கட்டும் இடத்தில் சேர்க்கச் சொன்னது நான்தான். படம் பார்க்கக் கூட வந்திருந்த ராஜராஜேஸ்வரி தன் தாலியைப் பிடித்துக்கொண்டு, "உசுரோட இருக்க மனுசர இப்படி மேல அனுப்பிட்டியளே" என்று அழ ஆரம்பித்தாள். மதாருக்கு வேர்த்துவிட்டது. "மக கல்யாணத்துக்கு வராத தகப்பன்னா, நான் என்னத்த அண்ணாச்சி நினைக்க?" என்றார்.

மேகத்தை எடுத்துவிட்டு மறுபடி நிதானமாகச் சமைக்க நாளைக்குள் நேரம் இல்லை. வேகவழியில் போட்டால் நீங்கள் பிழைத்துக்கொள்வீர்கள், சங்கரி சாரமாகிவிடுவாள். நன்றாக யோசித்து, மகள் முகம்தான் முக்கியம் என்று உங்களைச் சொர்க்கத்திலேயே விட்டுவிட்டேன். கோபிக்க வேண்டாம். நண்பர்களோடு பார்க்கும்போது அந்த இடத்தில் டிவியின் மேல்பாதியைத் துண்டால் மூடிக்கொள்ளுங்கள்.

பாபநாசத்து ஈசனும் உலகம்மையும் உங்களுக்கு நூறு வயதுக்குக் குறையாமல் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
திருஞானசம்பந்தம்

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் மாமியார் வீட்டிலிருந்து சங்கரி வந்துவிட்டாள். கேசட்டைப் போட்டுப் பார்த்தாள். மேகம் வந்த இடத்தில் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை, அழவும் இல்லை. கேசட்டை எடுத்துத் தன் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். "இத யார்ட்டயும் குடுத்துவிட வேண்டாம் மாமா. அப்பா வந்து எம் பக்கத்துல இருந்து பாக்கட்டும்" என்றாள். ஆகவே கேசட் வரவில்லை. நீங்கள் வாருங்கள்.