டயாப்ரம் நல்லாத்தான் இருக்கு

நிற்கிற பஸ் ‘புஸ்ஸ்’ என்று ஒரு பெருமூச்சு விடுமே, அந்தச் சத்தம் கேட்டால் போதும், பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் நானும் நின்றுவிடுகிறேன். வெறும் காற்றுதான். எனக்கு மட்டும் அது ஒரு ஆளின் பெயர்.

உலகத்தில் கெட்டுப்போகிற எதுவும் டயாப்ரத்தால்தான் கெடுகிறது என்று நம்பிய ஒரே மனிதர் அவர். அரியலூர் ரோட்டில் சிமெண்ட் லாரிகளுக்கு பிரேக் பார்க்கிற பட்டறை. பிரேக்குக்குள், டியூப் வழியாக வருகிற காற்றை வாங்கி உப்புகிற வட்ட ரப்பர்தான் டயாப்ரம். ஊர் அவருக்கும் அதையே பெயராக்கியது. பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டோடு சரி. பக்கத்துக் கடையில் கல்யாணப் பத்திரிகை அச்சடித்துக்கொண்டிருந்த எனக்கும் அவர் டயாப்ரம் அண்ணன்தான்.

ஹாரன் கரகரத்தால் டயாப்ரம். கோயில் குழாய் ஸ்பீக்கர் இரைந்தால் டயாப்ரம். இரண்டும் நிஜமாகவே அதுவாக இருந்துதொலைத்ததில் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு கல்யாணத்தில் போட்டோகிராபர், “லென்ஸ்ல டயாப்ரம் சிக்கிக்கிச்சு” என்று முனகியதுதான் தாமதம், பாதிப் பொங்கலில் பந்தியை விட்டு எழுந்து வந்துவிட்டார். சாம்பார்க் கையோடு லென்ஸைப் பிடுங்கி உள்ளே பார்த்தார். கறுப்புத் தகடுகள், பூவிதழ் மாதிரி.

“ரப்பரே காணோமேடா! இதுக்கு எவன்டா டயாப்ரம்னு பேரு வச்சான்?”

“அண்ணே, குடுங்கண்ணே! அங்க தாலி கட்டிட்டாங்க!”

அந்த ஆல்பத்தில் தாலி கட்டுகிற படம் இன்றுவரை இல்லை.

பிறகு அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. பட்டறையிலிருந்து டீக்கடைக்கு இருபது காலடி. நடுவில் இரண்டு தடவை நின்றார். டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“ஒரு பக்கம் டயாப்ரம் ஏறி எறங்கல.”

அண்ணன் சிரித்த சிரிப்பில் வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். “எங்கிட்டயேவா சார்! எத்தன இன்ச்சுன்னு சொல்லுங்க, மாட்டிருவோம்.”

டாக்டர் சிரிக்கவில்லை. “டயாப்ரம் நல்லாத்தான் இருக்கு. அதுக்கு வர்ற நரம்ப ஏதோ அழுத்துது. தள்ளிப்போடாம திருச்சிக்குப் போயி ஸ்கேன் எடுங்க.”

அண்ணன் காதில் முதல் வரிதான் ஏறியது. டயாப்ரம் நல்லா இருந்தால் வண்டியும் நல்லா இருக்கிறது. முப்பது வருட வேதம் அது.

வெளியே வந்ததும், தமிழ் படித்த திமிரில் நான் விளக்க ஆரம்பித்தேன். “இது ரப்பர் இல்லண்ணே. நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்குற சதை. தமிழ்ல உதரவிதானம்.”

“விதானமா? சாமிக்கு மேல கட்டுவாங்களே, அந்தத் துணியா?”

“அந்த மாதிரிதான்.”

“துணி கிழியலல்ல? அப்பறம் என்ன சார்! வாங்க, டீ குடிப்போம்.”

என்ன பதில்! அன்று சாயங்காலமே டீக்கடையில் அதை நடித்துக் காட்டினேன். அவரும் சேர்ந்து சிரித்தார். ஐந்து மாதம் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவரைத் திருச்சி பஸ்ஸில் ஏற்றத்தான் எனக்குத் துப்பில்லை.

ஏற்றியபோது, நுரையீரலில் கட்டி முற்றி நரம்பையே விழுங்கியிருந்தது. இனி அறுக்க முடியாது என்றார்கள். மூக்கில் குழாயோடு படுத்திருந்தவர் கேட்டார்.

“நரம்புன்னா ஏர் டியூப் மாதிரியா சார்?”

“ஆமாண்ணே. அது வேலை செஞ்சாத்தான் டயாப்ரம் அசையும்.”

“அப்ப டியூப்பு நசுங்கியிருக்குன்னு சொல்லியிருக்கலாமே. டியூப்பு நசுங்குன வண்டிய நான் ஓரடி நகர விட்டதில்லையே.”

குற்றம் சாட்டவில்லை, சந்தேகம் கேட்டார். அச்சுக்கூடம் நிறைய சொல் வைத்திருந்தேன். அவரைக் காப்பாற்றியிருக்கக்கூடிய சொல் அடுத்த பட்டறைத் தரையில் கிரீஸோடு கிடந்திருக்கிறது.

பார்வையாளர் நேரம் முடிந்ததென்று நர்ஸ் சொன்னார். நான் எழவில்லை. அண்ணன்தான் கையை நீட்டி என் சட்டை நுனியைப் பிடித்தார்.

“அழாதீங்க சார், மூச்சு வாங்கும். பாத்துப் போயிட்டு வாங்க.”