சும்மா இருந்ததற்கான சான்றிதழ்

ஒரு பிரஜை எட்டு மாத காலம் எந்த வேலையும் செய்யாமல் இருந்தார் என்று அதிகாரி ஒருவர் சீல் வைத்துக் கொடுத்தால்தான், அந்தப் பிரஜை வேலை செய்ய லாயக்குள்ளவர் ஆகிறார். இத நான் சொல்லல. ஸ்ரீ சிட்டில எனக்கு ட்ரெய்னி வேல குடுத்த ஃபேக்டரி சொல்லுச்சு. படிப்பு முடிஞ்சதுக்கும் வேலைக்குச் சேர்றதுக்கும் நடுவுல உள்ள காலத்துக்கு ‘கேப் சர்டிஃபிகேட்’ வேணுமாம். திங்கக்கிழம பத்து மணிக்குள்ள கொண்டு வரலன்னா லிஸ்ட்ல அடுத்த ஆளக் கூப்பிட்டுருவாங்களாம்.

திருப்பதில இன்ஜினியரிங் காலேஜ்ல நாலு வருஷம் சும்மா இருந்தேன். அதுக்குப் பட்டம் குடுத்து, கறுப்பு கவுன் மாட்டி, போட்டோவும் புடிச்சாங்க. வெளிய வந்து வீட்ல எட்டு மாசம் சும்மா இருந்ததுக்கு ஒரு காயிதம் வாங்க நான் பட்ட பாடு இருக்குதே, அத நாலு பேர்கிட்ட சொன்னாத்தான் என் வயித்தெரிச்சல் ஆறும்.

வியாழக்கிழம எங்க ஊரு சச்சிவாலயத்துக்கு, அதான் கிராம ஆபீசுக்கு, போனேன். ஆந்திராவுல நகரிக்குப் பக்கத்துல சின்ன ஊரு, சின்ன ஆபீஸ். விஆர்ஓ (தமிழ்நாட்டுப் பக்கம் விஏஓம்பாங்க) கோவர்த்தனன் சார் நேர்மையான மனுஷன். கைய நீட்ட மாட்டார், ரூல்ஸ் புஸ்தகத்தத் தவிர வேற எதயும் தொடவும் மாட்டார்.

“சும்மா இருந்தேன்னு விண்ணப்பத்துல எழுதியிருக்கிற. ஆதாரம் என்னம்மா?”

“சும்மா இருந்ததுக்கு எப்டி சார் ஆதாரம் இருக்கும்?”

“ஆதாரம் இல்லன்னா நீ சும்மா இருந்தன்னு கவர்மெண்டு எப்டி நம்பும்? நாளைக்கு யார் வேணா வந்து சும்மா இருந்தேன்னு சொல்லுவாங்க.”

கடைசில, எங்க வீதிக்கே வந்து விசாரிச்சு அஞ்சு பேர் கையெழுத்தோட பஞ்சநாமா எழுதறதுன்னு முடிவாச்சு. எனக்குச் சந்தோஷம்தான். எங்க வீதி பூரா தறிக்காரங்க. நான் லேப்டாப்ல கொரியா சீரியல் பார்த்துக்கினு, துன்னுக்கினு, தூங்கிக்கினு இருந்ததுக்கு அஞ்சு பேர் என்ன, அம்பது பேர் சாட்சி இருப்பாங்கன்னு நெனச்சேன்.

வெள்ளிக்கிழம சார் வந்தார். மொதல்ல எதுத்த வீட்டு வெங்கடம்மா அத்தையக் கேட்டார்.

“இந்தப் பொண்ணு எட்டு மாசமா என்ன செஞ்சிக்கினு இருந்துச்சு?”

“ரூபாவா? பெங்களூர் கம்பெனில வேல சார். வீட்லேர்ந்தே செய்யுது. அந்த லேப்டாப்ப உட்டு எழுந்திருக்கவே எழுந்திருக்காது. பாவம், கண்ணுகூட உள்ள போயிடுச்சு பாருங்க.”

அம்மாவப் பார்த்தேன். அம்மா வானத்தப் பார்த்துக்கினு இருந்துச்சு.

நடந்தது இதுதான். நான் படிப்ப முடிச்ச மொத மாசம் யாரோ அம்மாகிட்ட, “கலைவாணி, பொண்ணுக்கு இன்னும் வேல கெடைக்கலியா”ன்னு கேட்டிருக்காங்க. அம்மாவுக்கு ரோஷம் பொத்துக்கினு வந்து, ‘வொர்க் ஃப்ரம் ஹோம்’னு ஒரு வார்த்தய உட்டிருக்குது. இப்ப அது ஃபேஷனாச்சே, யாரும் சந்தேகப்படல. வீட்ல குந்திக்கினு வேல செய்றதுக்கும் செய்யாததுக்கும் வெளியேர்ந்து பார்த்தா ஒரு வித்தியாசமும் தெரியாது. உகாதி அன்னிக்கு அம்மா என்னை டீம் லீடரா வேற உயர்த்தியிருக்குது. எனக்கே சொல்லல.

அஞ்சு பேரும் ஒரே மாதிரி சொன்னாங்க. சார் அம்மா பக்கம் திரும்பினார்.

“பெத்தவங்க நீங்க சொல்லுங்கம்மா. இது வேலைல இருந்துச்சா, சும்மா இருந்துச்சா?”

வீதியே கூடி நின்னுது. நான் கண்ணாலயே கெஞ்சினேன். எட்டு மாசத்துல எனக்குக் கெடச்சது அந்த ஒரு வேலதான். அம்மா மூஞ்சி பாவமாத்தான் இருந்துச்சு.

“வேலைலதான் சார் இருக்குது,” அப்டின்னுச்சு. “டீம் லீடர்.”

சார் தெலுங்குல எழுதினத தமிழ்ல சொன்னா இப்படி வரும்: மேற்படி ரூபா என்பவர், மேற்படி காலத்தில், மேற்படி வீட்டில் சும்மா இருக்கவில்லை என்பது ஐவர் முன்னிலையில் ஐயமற நிரூபணமாயிற்று. விண்ணப்பம் தள்ளுபடி.

அவர் போனதும் அம்மாகிட்ட கத்தினேன். “ஏம்மா இப்டிப் பண்ண?”

“அவர் எழுதிக்கினு போயிருவார். நான் இந்த வீதிலதான இருக்கணும்?” அப்டின்னு அழுதுச்சு. எனக்கும் அழுகைதான் வந்துச்சு.

ஃபேக்டரி எச்ஆர் கிரண்குமாருக்கு போன் போட்டு, நடந்தத பூரா, அம்மா சொன்ன டீம் லீடர் உட்பட, சொன்னேன்.

“கேப் இல்லன்னா எக்ஸ்பீரியன்ஸ்தான் மேடம். பழைய கம்பெனி ரிலீவிங் லெட்டர் கொண்டு வாங்க.”

“கம்பெனியே கெடயாது சார்.”

“சரி, அந்தக் கம்பெனி பேர் என்ன?”

“அம்மாவத்தான் கேக்கணும்.”

கீபோர்டுல எதயோ தட்டினார். அப்புறம், “எப்டியும் இது ட்ரெய்னி போஸ்ட் மேடம். டீம் லீடர ட்ரெய்னியா எடுக்க பாலிசி ஒத்துக்காது. சாரி,” அப்டின்னு வெச்சிட்டார்.

திங்கக்கிழம பத்து மணி ஆச்சு, போச்சு. லிஸ்ட்ல அடுத்த ஆளுக்கு போன் வந்துச்சு. அது வெங்கடம்மா அத்தையோட பையன் தணிகைவேல். நானும் அவனும் ஒரே வகுப்பு. செவ்வாய்க்கிழம அவனுக்கு கேப் சர்டிஃபிகேட் எழுத கோவர்த்தனன் சார் மறுபடியும் வந்தார்.

தணிகைவேல் அவங்க நைனாவுக்கு இடுப்பு புடிச்சிக்கினதுலேர்ந்து காலைல ஆறு மணிக்குத் தறிக்கொட்டாய்ல பூந்தா ராத்திரி ஒம்போதுக்குத்தான் வெளிய வருவான். நாலு பவர்லூம், ஒரே ஆளு. சார் வந்தப்பவும் உள்ளதான் ஓட்டிக்கினு இருந்தான்.

“எட்டு மாசமா உங்க பையன் என்னம்மா செஞ்சான்?”

“என்னத்த செஞ்சான், வேல இல்லாம சும்மாதான் கெடந்தான் சார். தறி ஓட்டிக்கினு இருந்தான், அவ்ளோதான்,” அப்டின்னு அத்தை தலைல அடிச்சிக்கினாங்க.

சார் எழுதிக்கினார். இன்னும் மூணு பேரும் அதத்தான் சொன்னாங்க. பத்து நிமிஷத்துல விசாரணை முடிஞ்சிது. அஞ்சாவது சாட்சிக்கு சார் என்னைக் கூப்பிட்டார். உத்தியோகத்துல இருக்கறவங்க கையெழுத்துன்னா மேல் ஆபீஸ்ல மதிப்பு ஜாஸ்தியாம்.

“அவன் சும்மாதானம்மா இருந்தான்?”

தறிச் சத்தத்துல எனக்குச் சரியா கேக்கல. சார் இன்னொரு வாட்டி கத்திக் கேட்டார். வீதி பூரா என்னையே பார்த்துக்கினு இருந்துச்சு, அம்மாவும்தான்.

“ஆமா சார், சும்மாதான் இருந்தான்,” அப்டின்னு கையெழுத்துப் போட்டேன். கீழ டீம் லீடர்னும் எழுதினேன்.